ஒரு கிலோவுக்குப் பயந்த பாஸ்கா

அஷ்தோத் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கோளாறு உண்டு. வண்டி வலது பக்கம் சாய்வதாகவே நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை இடது பக்கம் லேசாகத் திருப்பிப் பிடிப்பார்கள். வண்டி மேல் குற்றமில்லை. ஓட்டுகிறவர் இடது சீட்டில் உட்காரும் ஊர் அது. வலது சீட்டில் தன் கனத்தையெல்லாம் இறக்கி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் யான்கு சேகல்.

ருமேனியாவிலிருந்து அம்மா இடுப்பில் வந்து இறங்கிய யூதர். இப்போது ஐம்பதைத் தாண்டியாயிற்று. வண்டியை ரிவர்ஸில் எடுக்க அவர் பழக்கும் இடம் எப்போதும் ஒரே இடம்தான், பாலாடைக்கட்டி வைத்த பப்ஸ் சுடும் கடையின் வாசல். பையன் ரிவர்ஸ் எடுப்பான். யான்கு இறங்கி ரெண்டு பப்ஸ் வாங்குவார். பையன் சரியாக எடுக்கவில்லை என்றால் இன்னொரு முறை எடுக்கச் சொல்வார். பையன்களுக்கு ரிவர்ஸ் வராததற்கும் அவர் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஊரில் பேச்சு. பொய் என்று சொல்ல முடியாது.

அவர் மனைவி கிசெலா கூரியரில் வேலை பார்ப்பவள். எடை போடும் கருவிக்கு முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்து பழகியவள். அது பிற்பாடு உதவிற்று.

அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒரு மாடி கீழே மசூத் இருந்தான். மொராக்கோவிலிருந்து வந்த யூதன், முடி திருத்துகிறவன். யான்குவுக்கு ஐந்து வயது மூத்தவன். கிட்னி ரெண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு, மீதி நாளில் கடை திறப்பான். அவன் மனைவி சுலிக்கா தன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்றாள். ரத்தக் கொதிப்பு, ஆகாது என்றார்கள். மகன்கள் ரெண்டு பேரும் போனார்கள், பொருந்தவில்லை.

போன வருஷம் ஒரு நாள் யான்குவுக்குப் பாதித் தலை வெட்டியிருந்தபோது மசூத்துக்கு முடியவில்லை. கத்தரியை வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் சாய்ந்துவிட்டான். முகம் பழைய துணி மாதிரி இருந்தது.

"நீ நாளைக்கு வா யான்கு. மீதிய முடிச்சிடறேன்."

யான்கு கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் காடு.

"இப்படியே தெருவுல போனா பசங்க கல்லெடுத்து அடிப்பானுங்க அண்ணே. எங்கிட்ட ரெண்டு கிட்னி இருக்கு. ஒண்ண எடுத்துக்க, மீதித் தலைய வெட்டு."

மசூத் சிரித்தான். யான்குவும் சிரித்தார். மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் போனார் என்று கிசெலா கேட்டாள். "சொல்லிட்டேன் இல்ல" என்றார்.

பொருந்திவிட்டது. அண்ணன் தம்பிக்குக்கூட இப்படிப் பொருந்தாது என்றார்கள். ஆனால் அதற்கெல்லாம் பொறுப்பாக இருந்த நர்ஸ் நாவா, குச்சி மாதிரி ஒரு பெண், யான்குவை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க கிட்னி அருமையா இருக்கு. அதச் சுத்தி இருக்கறதுதான் பிரச்சனை."

குளிர்காலம் முழுக்க யான்கு பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ரிவர்ஸ் பழக்கும் இடத்தை மருந்துக்கடை வாசலுக்கு மாற்றினார். பையன்களுக்கு ரிவர்ஸ் சட்டென்று வந்துவிட்டது. யூதர்களின் ஏழு நாள் பாஸ்கா பண்டிகை நெருங்கியபோது தொண்ணூற்று நாலு கிலோவுக்கு இறங்கியிருந்தார். நாவா தேதி கொடுத்தாள். கொடுத்த கையோடு ஒரு குண்டும் போட்டாள்.

"பாஸ்கா முடிஞ்ச மறுநாள் காலைல வந்து எடை போடணும். தொண்ணூத்தஞ்சைத் தாண்டினா மயக்க டாக்டர் ஒத்துக்க மாட்டாரு. தேதி போயிடும். அடுத்த தேதி எப்பன்னு எங்கிட்ட கேக்காதீங்க. மசூத்தோட இதயம் கோடை வரைக்கும் காத்திருக்குமான்னும் கேக்காதீங்க."

யான்கு அதை வெளியில் சொல்லவில்லை. கிசெலாவிடம் மட்டும் சொன்னார். மசூத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? தன் உயிர் யான்குவின் நாக்கில் தொங்குகிறது என்று தெரிந்தால் மனுஷன் அன்றைக்கே நம்பிக்கையை விட்டுவிடுவான். யான்குவின் நாக்கைப் பற்றி அந்தக் கட்டடத்தில் தெரியாதவர்கள் இல்லை.

பாஸ்காவில் புளித்த மாவு ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்காது, ரொட்டி கிடையாது, பப்ஸ் கடை மூடிக் கிடக்கும், அப்புறம் எப்படி எடை கூடும் என்று கேட்பவன் ஒரு பாஸ்காகூடச் சாப்பிட்டதில்லை என்று அர்த்தம். ரொட்டி இல்லாத குறையைத் தீர்க்க எங்கும் முட்டை, உருளைக்கிழங்கு, கோழிக் கொழுப்பு, பாதாம் கேக். தண்ணீரும் மாவும் மட்டும் சேர்த்துத் தட்டையாகச் சுட்ட மட்சா ரொட்டி அட்டை மாதிரி இருக்கும். அதன் மேல் வெண்ணெய் ஒரு விரல் உயரத்துக்குத் தடவினால்தான் தொண்டையில் இறங்கும்.

"மட்சா உப்பாது கிசெலா. அடுப்புலயே உப்பாதது வயித்துல எப்படி உப்பும்?" என்று யான்கு ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"போன வருஷம் உப்பினது அப்ப யார் வயிறு?" என்றாள் அவள்.

கிசெலா சட்டம் போட்டாள். பண்டிகை முதல் இரவில் கடமைக்கு எவ்வளவு மட்சாவோ அவ்வளவுதான். அதற்கப்புறம் நாளுக்கு ஒன்று. வெண்ணெய்க்குப் பதில் நசுக்கிய அவகேடோ. சூப் உண்டு, அதில் மிதக்கும் மட்சா உருண்டை கிடையாது. உருளைக்கிழங்கு வெந்தது, பொரித்தது இல்லை. சாப்பிட உட்காரும் முன் ஒரு பெரிய கிண்ணம் காய்கறி. பாதாம் கையில் அள்ளினால் மூடிய கைக்குள் அடங்க வேண்டும். பருப்பு, பட்டாணி, கொண்டைக்கடலை இருந்தால் வயிறு நிறையும், உடம்பும் ஏறாது. ஆனால் யான்குவின் ஆட்கள் பாஸ்காவில் அதையெல்லாம் தொடுவதில்லை, தாத்தா காலத்துப் பழக்கம். மொராக்கோக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. கீழ் வீட்டில் அவரைக்காய் சூப்பும் சோறும் நடக்கும். வாசனை மட்டும் மேலே வரும்.

வாசனையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுலிக்கா இருந்தாளே!

யான்கு கொடுக்கப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு நன்றி சொல்ல வேறு மொழி தெரியவில்லை. வாயால் சொல்லப் போனால் அழுகை வந்துவிடும். ஆகவே சமைத்தாள். குளிர்காலம் முழுக்க அவள் கொண்டுவந்த தட்டுகளைக் கிசெலா பின்வாசல் வழியாகக் கூரியர் ஆபீசுக்குக் கடத்தினாள். அந்த ஆபீசில் எல்லோரும் ஒரு சுற்று பெருத்தார்கள். பாஸ்காவில் ஆபீஸ் லீவு. கடத்தவும் வழியில்லை.

பண்டிகைக்கு முந்தின வாரம் சுலிக்கா மாடி ஏறி வந்தாள்.

"தம்பி, இந்த வருஷம் பண்டிகை பூரா எங்க வீட்லதான். ஆட்டுத்தொடை சொல்லி வச்சிருக்கேன். உனக்கு வர்ற கெடுதல் எல்லாம் எனக்கு வரட்டும், நீ வந்து உக்காந்தா போதும்."

யான்குவுக்கு ஆட்டுத்தொடை கண்முன் வந்தது. அதற்குப் பின்னால் நர்ஸ் நாவா வந்தாள். வாயிலிருந்து என்ன வருகிறது என்று யோசிக்கும் முன் வந்துவிட்டது.

"இல்லக்கா, எங்க வழக்கத்துல... பாஸ்காவுல வெளி வீட்ல சாப்பிட மாட்டோம்."

அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, பொய்யில்லை. சில குடும்பங்கள் பாஸ்காவில் அடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அவரவர் கட்டுப்பாடு அவரவருக்கு. ஆனால் அந்தக் குடும்பங்களில் யான்குவின் குடும்பம் இல்லை. போன பாஸ்காவில் சுலிக்கா வீட்டு பால்கனியில் உட்கார்ந்து அவர் எலும்பு உறிஞ்சிய சத்தம் எதிர்க் கட்டடம் வரைக்கும் கேட்டிருந்தது.

சுலிக்காவின் முகம் மாறியது.

"என் பாத்திரம் உனக்கு ஆகாது. உன் கிட்னி மட்டும் எங்களுக்கு ஆகுமா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா! ஆபரேஷன் வருது இல்ல... அதனால இந்த வருஷம் கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கலாம்னு ஒரு வேண்டுதல்."

வேண்டுதல் என்றதும் அவள் கண் கலங்கியது. என் புருஷனுக்காகவா என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஒரு வகையில் உண்மைதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அவள் கீழே போனதும் கிசெலா சொன்னாள்:

"நல்லா மாட்டப் போற."

பண்டிகையின் முதல் இரவு நல்லபடியாகப் போயிற்று. அன்றைக்கு முறைப்படி குடிக்க வேண்டிய நாலு கோப்பை ஒயினுக்குக் கிசெலா வீட்டிலேயே சின்னக் கோப்பையாகத் தேடிப் பிடித்திருந்தாள். மறுநாளும் நல்லபடி. அதற்கடுத்த நாள் காலை கதவு தட்டப்பட்டது. சுலிக்கா. ரெண்டு கையிலும் பை. பின்னால் அவள் மகன் ஒரு அட்டைப்பெட்டியைச் சுமந்து நின்றான்.

"வெளி வீட்லதான சாப்பிட மாட்ட? சரி. உன் வீட்லயே சமைக்கிறேன்."

பெட்டிக்குள் புத்தம்புது பாத்திரங்கள். லேபிள்கூடக் கிழிக்கவில்லை. "எங்க ஜெபக்கூடத்து ரப்பிகிட்டயும் கேட்டேன், உங்க ரப்பிகிட்டயும் கேட்டேன். அரிசி இல்ல, பட்டாணி இல்ல, உங்க ஆளுங்க தொடாதது எதுவும் இல்ல. கிசெலா, நீ போய் உக்காரு. இன்னைலருந்து இந்த அடுப்பு என்னோடது."

இங்கேதான் விதி சிரித்தது. சுலிக்கா தன் வழக்கப்படி சமைத்திருந்தால் பாதி சோறும் அவரைக்காயுமாகப் போயிருக்கும். யான்குவின் வழக்கத்துக்கு மரியாதை கொடுக்கப் போய், எல்லாம் உருளைக்கிழங்கும் முட்டையும் ஆனது. தட்டு தட்டாக முட்டை உடைத்தாள். உருளைக்கிழங்கை மசித்து, அதில் முட்டையைக் கொட்டி, ஒரு சாண் உயரத்துக்கு அடை மாதிரி பொரித்தாள். ஆட்டுத்தொடை தானாக மாடி ஏறி வந்தது. பாதாமும் சர்க்கரையும் அரைத்து உருண்டை பிடித்தாள். யான்கு ஒரு வாய் தின்றதும், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் தட்டைத் தள்ளி வைக்க எந்த மனுஷனால் முடியும்? அதுவும் யான்குவால்?

"எப்படி இருக்கு?"

"அக்கா, ஆபரேஷன்ல நான் செத்தாக்கூடப் பரவாயில்ல."

"வாய மூடு! இன்னும் கொஞ்சம் வச்சுக்க."

அதற்கு மறுநாளும் வந்தாள். நாலாம் நாள் காலை கிசெலா அவரைக் குளியலறை எடைக் கருவி மேல் ஏற்றினாள். பார்சலைப் பார்ப்பது மாதிரி குனிந்து பார்த்தாள். தொண்ணூற்றாறரை.

யான்கு இறங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். தொண்ணூற்றாறரை. மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"மூச்சுக்கு எடை இல்ல யான்கு. இறங்கு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "போய்ச் சொல்லு. இன்னைக்கே."

அவர் சொல்லப் போகவில்லை. சமையலறையிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். சுலிக்கா பைகளோடு வந்தாள். பின்னால் மசூத்தும் வந்திருந்தான், ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று. யான்கு சாப்பிடுவதைத் தானும் பார்க்க வேண்டுமாம்.

"அண்ணே, அக்கா. உக்காருங்க. எனக்கு ஒரு வேண்டுதலும் கிடையாது. வழக்கமும் கிடையாது. பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டார். நாவா, தொண்ணூற்றைந்து, மயக்க டாக்டர், தேதி. காலையில் கருவி காட்டியது வரைக்கும். சொல்லச் சொல்ல மசூத்தைப் பார்க்கவில்லை, மேஜை விரிப்பையே பார்த்தார்.

சுலிக்கா கையிலிருந்த முட்டைத் தட்டை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"என் கையாலயே என் புருஷனக் கொல்லப் பாத்தேனா?"

அப்புறம் மசூத்தின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தார் யான்கு. நிமிர்ந்து பார்த்தால் சிரிக்கிறான். மூச்சு முட்டச் சிரிக்கிறான்.

"ரெண்டு வருஷமா இவ எனக்கு உப்பில்லாம, ருசியில்லாம சோறு போட்டா. தண்ணிகூட அளந்துதான் குடுத்தா. உசுரோட இருக்கேன். உனக்கு ரெண்டே நாள் ஆசையா போட்டா. பாத்தியா கதிய!"

"சிரிக்காதீங்க!" என்று சுலிக்கா கத்தினாள். கத்திக்கொண்டே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த விதத்தைப் பார்த்ததுமே, இனி தனக்கு ஒரு பாதாமும் கிடைக்காது என்று யான்குவுக்குப் புரிந்தது.

அவள் முதலில் செய்தது, பாதாம் உருண்டை டப்பாவைத் தூக்கிக் கொண்டுபோய் முதல் மாடி வீட்டில் கொடுத்தது. ரெண்டாவது செய்தது, ஒவ்வொரு கதவாகத் தட்டியது. மதியத்துக்குள் கட்டடம் முழுக்க விஷயம் தெரியும். யான்குவுக்கு யாரும் ஒரு கடலைகூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மசூத்தின் ரத்தம் அவர்கள் தலையில். அந்த உத்தரவுக்கப்புறம் யான்கு படியில் இறங்கினால் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்கும். மேல் மாடிக்காரர் பொரித்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே வந்துவிட்டார். யான்குவைப் பார்த்ததும் மீனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றார்.

"எனக்கு இப்ப கிட்னி மட்டும்தான் சொந்தம். வாய் பொதுச் சொத்தாயிடுச்சு" என்றார் யான்கு கிசெலாவிடம்.

சுலிக்கா சமைப்பதை விடவில்லை. மனுஷி அப்படி விடக்கூடியவளும் இல்லை. ஆனால் இப்போது கிசெலாவும் அவளும் சேர்ந்து நின்று சமைத்தார்கள். ஆர்ட்டிசோக் என்கிற கூனைப்பூ மொட்டை எலுமிச்சைச் சாற்றில் வேகவைத்தார்கள். குடைமிளகாயும் தக்காளியும் சுட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மசித்தார்கள். மீனை ஆவியில் வைத்தார்கள். பீட்ரூட்டை வேகவைத்து வெட்டினார்கள். யான்கு சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று ஆச்சரியப்பட்டார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. பசித்துச் சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று!

மாலையில் மசூத் அவரைக் கடற்கரைக்கு அழைத்துப்போனான். சேர்ந்து நடப்பது என்றுதான் ஏற்பாடு. முதல் பெஞ்சு வந்ததும் மசூத் உட்கார்ந்துவிட்டான்.

"என்னால முடியாது. நீ எனக்கும் சேத்து நட. நான் இங்கருந்தே பாத்துக்கறேன்."

யான்கு நடந்தார். பாஸ்கா விடுமுறைக்கு வந்த கூட்டமெல்லாம் புல்வெளியில் மட்சாவும் முட்டையும் தின்றுகொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவே பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். "வாத்தியாரே, சாப்பிட வாங்க!" தூரத்துப் பெஞ்சிலிருந்து மசூத் கையை வாயருகே குவித்துக் கத்தினான்.

"அவனுக்கு ஒண்ணும் குடுக்காத! அவன் வயித்துல இருக்கறது என்னுது!"

கரையே திரும்பிப் பார்த்தது. யான்குவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தக் குரல் அவ்வளவு சத்தமாக வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதை நினைத்து இன்னொரு சுற்று கூடுதலாகவே நடந்தார்.

பாஸ்கா முடிகிற அந்தியில் மொராக்கோக்காரர்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பார்கள். தெரிந்தவன் தெரியாதவன் யார் வேண்டுமானாலும் வரலாம். மேஜை நிறைய இனிப்பு. புளித்த மாவு திரும்பி வந்த சந்தோஷத்தில், மெல்லிய அப்பத்தை அடுக்கடுக்காகச் சுட்டு, வெண்ணெயும் தேனும் ஊற்றிச் சுருட்டித் தருவார்கள். சுலிக்கா வீட்டு மேஜை ஊரறிந்தது. அந்த வருஷம் வைப்பதா வேண்டாமா என்று அவள் தவித்தாள். வைக்காமல் விட்டால் வருஷத்துக்கே ஆகாது. வைத்தால் மறுநாள் காலை எடை.

"வை அக்கா. நான் கீழேயே வரல" என்றார் யான்கு.

"நீ வராம எனக்கு என்ன திருவிழா?"

கடைசியில் அவர் வந்து வாசலில் நின்றார். உள்ளே பாட்டு, கூட்டம், தேன் வாசனை. அவர் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், போலீஸ் பிடித்த ஆள் மாதிரி. சுலிக்கா பொன்னிற அங்கியில் வந்தாள். கையில் அப்பம் இல்லை. ஒரு பால் கிண்ணமும் ஒரு கொத்து புதினாவும்தான். புதினாவைப் பாலில் தோய்த்து அவர் நெற்றியில் தொட்டாள். அவள் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் செய்வது. வாய்க்குள் ஏதோ சொன்னாள். அவருக்கு அந்த மொழி தெரியாது, கேட்கவும் இல்லை. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து மூக்கு வழியாக உதட்டுக்கு வந்தது. அதை நக்கலாமா என்று கிசெலாவைப் பார்த்தார்.

"நக்கிக்க" என்றாள் கிசெலா. "அது கணக்குல வராது."

மறுநாள் காலை நாவா கருவியைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். தொண்ணூற்று நாலே முக்கால்.

"பாஸ்காவுல ஒரு கிலோகூட ஏறாம வந்த முதல் ஆளு நீங்கதான். எப்படி?"

"ஒரு கட்டடமே சேந்து பட்டினி போட்டுச்சும்மா" என்றார் யான்கு.

ஆபரேஷன் நடந்தது. அதற்கு மறுநாள் யான்கு சலைன் பாட்டில் தொங்கிய கம்பியைத் தள்ளிக்கொண்டு, கிசெலா ஒரு பக்கம் பிடிக்க, வராந்தாவில் மசூத்தின் அறை பக்கம் நடந்தார். வாசலுக்குப் போவதற்குள்ளேயே உள்ளேயிருந்து சுலிக்காவின் குரல் வந்தது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும்.

"போயிடுச்சு! மூத்திரம் போயிடுச்சு! ஒரு பை நிறைய!"

ரெண்டு வருஷமாக மசூத்துக்கு ஒரு சொட்டு வந்ததில்லை. புதுக் கிட்னி ராத்திரியிலிருந்தே வேலையைத் தொடங்கிவிட்டது. டாக்டர்கள் வந்து அந்தப் பையை நகை பார்ப்பது மாதிரி தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பக்தியுள்ள ஒவ்வொரு யூதனும் கழிவறையிலிருந்து வந்ததும் ஒரு ஜெபம் முணுமுணுப்பான். உடம்புக்குள் இத்தனை துவாரங்களையும் குழாய்களையும் வைத்தவனுக்கு நன்றி. அதில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் உன் முன்னால் நிற்க முடியாது என்று. சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி யாருக்கும் அர்த்தம் ஞாபகம் இருப்பதில்லை. மசூத் படுக்கையில் சாய்ந்துகொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக அதைச் சொன்னான். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். துடைப்பத்தோடு ஒருவர், சாப்பாட்டு வண்டியோடு ஒருவர், யாரோ ஒரு நோயாளியின் மாமா.

முடிந்ததும் எல்லோரும் "ஆமென்" என்றார்கள். யான்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

சுலிக்கா ஓடி வந்தாள். "வலிக்குதா தம்பி?"

"வலிக்குதுக்கா. பரவாயில்ல. அண்ணன இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."